நிற்பதற்கென்று ஓர் எஞ்சின்

என் அப்பா என்னோடு பேசுவதை நிறுத்தியதற்குக் காரணம் சொத்துத் தகராறு இல்லை. கல்யாணத் தகராறும் இல்லை. ரயில்தான். வேகமாகப் போகிற ரயிலுக்குக் கரண்ட் நல்லதா டீசல் நல்லதா என்கிற சண்டை. ஸ்டாஃப் ரூமில் ஒரு தடவை வாயைக் கொடுத்துவிட்டேன். வேதியியல் டீச்சர் குடித்துக்கொண்டிருந்த டீ மூக்கில் ஏறுகிற அளவுக்குச் சிரித்தாள். சிரிக்கட்டும், அவளுடைய அப்பா அவளோடு பேசுகிறார்.

அப்பா டீசல் எஞ்சின் டிரைவர். என் கணவர் ரயில்வேயில் மின்சாரப் பிரிவு இன்ஜினீயர். அதிவேக ரயில் ஓடுகிற பாதைக்கு மேலே போகும் கம்பி, அதற்குக் கரண்ட் கொடுக்கிற நிலையங்கள் எல்லாம் அவர் பொறுப்பு. இப்படிப்பட்ட இரண்டு பேரை ஒரே சாப்பாட்டு மேஜையில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? சாப்பாடு ஆறிப்போகும், வேறென்ன. அப்பா மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வருவார். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"என்ன மாப்பிள்ளை, உங்க பட்டம் எல்லாம் ஒழுங்கா பறக்குதா?"

"பட்டமா?"

"பின்ன என்ன? எவ்வளவு வேகமா போனாலும் கயித்துல கட்டின பட்டம்தானே உங்க ரயிலு. நூல் அறுந்தா தெரியும் சேதி."

என் கணவர் லேசில் விடுகிற ஆள் இல்லை. "மாமா, உங்க எஞ்சின் இருக்கே, அது அரிசி மூட்டை, அடுப்பு, பாத்திரம் எல்லாத்தையும் முதுகுல கட்டிக்கிட்டு ஓட்டப்பந்தயத்துக்கு வர்ற மாதிரி. எங்களுக்கு போற வழியெல்லாம் சாப்பாடு கைக்கே வந்துடும். வெறுங்கையோட ஓடுறவன் ஜெயிப்பானா, குடித்தனத்தைத் தூக்கிட்டு ஓடுறவன் ஜெயிப்பானா?"

"அடுப்பு கையில இருக்கிறவன் எங்க வேணா சமைச்சுக்குவான் மாப்பிள்ளை. நீங்க அடுத்த வீட்டு அடுப்பை நம்பிப் பொழைக்கறவங்க."

"பிரேக் போட்டா எங்க ரயில் கரண்டைத் திருப்பிக் கொடுக்குது மாமா. உங்க எஞ்சின் என்ன கொடுக்குது? புகை."

அப்பா தொடையைத் தட்டிக்கொண்டு சிரிப்பார். தோற்கிறபோது இன்னும் சத்தமாகச் சிரிப்பார். அம்மா போனபோது தம்பி பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு அப்பா வீட்டில் 'சாப்டியா, படுத்தியா' என்பதற்கு மேல் பேசிக் கேட்டதே இல்லை. இந்த மனிதர் வந்து வம்புக்கு இழுத்த பிறகுதான் அப்பாவுக்கு இவ்வளவு வாய் இருக்கிறதென்று எங்களுக்கே தெரிந்தது. மாப்பிள்ளை என்றால் அப்பாவுக்கு உயிர். அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. இரண்டு பேரும் கத்திக்கொண்டிருக்க, நான் ஆறிப்போன குழம்பை இரண்டாம் தடவை சுட வைத்துக்கொண்டு, "போதும், சாப்பிட்டுட்டு அடிச்சுக்குங்க" என்பேன். "நீ சும்மா இரு பாப்பா, உனக்கு இது புரியாது" என்பார் அப்பா. எனக்குத் தலையில் நரை விழுந்த பிறகும் நான் அவருக்குப் பாப்பாதான்.

புதுப் பாதை திறந்தபோது அதில் ஓடுகிற ரயில் எல்லாம் கரண்ட் ரயிலாகிவிட்டது. ஆனால் ஒரே ஒரு டீசல் எஞ்சினைப் பாதையின் நடுவில் உள்ள ஸ்டேஷனில் நிறுத்தி வைத்தார்கள். மேலே கம்பி அறுந்து விழுந்தால் அந்தப் பகுதி முழுக்கக் கரண்ட் போய்விடும். நின்றுபோன ரயிலை இழுக்க இன்னொரு கரண்ட் ரயிலும் வர முடியாது. டீசல்தான் போய் இழுத்துக்கொண்டு வர வேண்டும். அந்த எஞ்சினை அப்பாவிடம் கொடுத்தார்கள். அப்பா தினமும் காலையில் அதை ஸ்டார்ட் செய்வார், சூடாக வைத்திருப்பார், கண்ணாடி துடைப்பார், காத்திருப்பார். வருடக்கணக்கில் அது வெளியே போனது விரல்விட்டு எண்ணுகிற தடவைதான்.

"ரயில்வேயிலேயே நிக்கிறதுக்குச் சம்பளம் வாங்குற ஒரே டிரைவர் நான்தான்" என்று பெருமையடித்துக்கொள்வார்.

அந்த எஞ்சின் இனிமேல் தேவையா என்று பார்த்துச் சொல்லும்படி என் கணவரின் அலுவலகம் அவரிடமே கேட்டது. அவர் இரவு பகலாக உட்கார்ந்து கணக்குப் போட்டார். கம்பியெல்லாம் புதிதாக மாற்றியாகிவிட்டது, அறுந்துபோவது மிக மிக அபூர்வம். அப்படியே அறுந்தாலும் பழைய பாதையின் டிப்போவிலிருந்து டீசல் வந்துவிடும், கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். நின்றுகொண்டே எரிகிற எண்ணெய்க்கும் ஆள்களுக்கும் ஆகிற செலவில் கரண்ட் வருவதற்கு இரண்டாவது வழி ஒன்று போட்டால் இன்னும் நிறையப் பயணிகளுக்கு நல்லது. இதுதான் அவர் எழுதிய அறிக்கையின் சாரம். மறைத்து எழுதுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. அப்பாவுக்கே ஒரு நகல் கொடுத்தார்.

அப்பா அவரோடு சண்டை போடவில்லை. நேராக என்னிடம் வந்தார்.

நான் சாப்பாட்டு மேஜையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அந்தக் குவியலின் மேலேயே அறிக்கையை வைத்தார். "நீ கணக்கு டீச்சர். மாப்பிள்ளை போட்ட கணக்கு இது. பாரு. தப்பு இருந்தா சொல்லு. நீ சொன்னா நான் ஒத்துக்கறேன்."

"என்னப்பா இது, என்னைப் போய்…"

"பாரு பாப்பா."

பார்த்தேன். என் கணவர் சமையலறை வாசலில் தண்ணீர் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார், குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. தப்பு கிடைக்காதா என்றுதான் தேடினேன். எங்கேயாவது ஒரு கூட்டல் பிசகியிருக்காதா, ஒரு புள்ளி இடம் மாறியிருக்காதா என்று என் மாணவர்களின் தாளில்கூட அப்படித் தேடியது கிடையாது. ஒரு முறை முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து போட்டுப் பார்த்தேன். அப்பா என் பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர் கணக்கு சரியாத்தாம்பா இருக்கு."

அப்பா அறிக்கையை எடுத்து மடித்தார். மேஜை மேல் இருந்த டீயை முழுக்கக் குடித்தார். எழுந்தார்.

"சரிங்க டீச்சர்" என்றார்.

கிண்டல் செய்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "வரேங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பெற்ற அப்பா 'ங்க' போட்டுப் பேசினால் அது எந்த இடத்தில் குத்தும் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். அறைந்திருந்தால்கூட ஆறியிருக்கும்.

அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. எஞ்சினை எடுத்துக்கொண்டு போனார்கள், அப்பாவும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுத் தம்பி வீட்டோடு போய்விட்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஃபோன் மட்டும் வரும். நான் எடுத்தால் ஒரே கேள்விதான்.

"மாப்பிள்ளை இருக்காரா?"

கொடுப்பேன். அங்கே மறுபடியும் பட்டம், மூட்டை, அடுப்பு, புகை என்று ஆரம்பமாகிவிடும். எஞ்சினை எடுத்த மனிதரோடு சிரித்துச் சிரித்துப் பேசுவார். கணக்கு சரி என்று சொன்ன பாவத்துக்கு நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். என் கணவர் கெஞ்சுவார். "மாமா, அவ இங்கதான் இருக்கா, கொடுக்கட்டுமா?" "வேணாம் மாப்பிள்ளை. டீச்சருக்குப் பேப்பர் திருத்துற வேலை இருக்கும், தொந்தரவு பண்ணாதீங்க."

எனக்கும் மூக்குக்கு மேல் கோபம் வரும், அவர் மகள்தானே. உள்ளதைத்தானே சொன்னேன், நான் எதற்கு இறங்கிப் போக வேண்டும்? அவர் கேட்டார், நான் பார்த்தேன், சொன்னேன். பொய் சொல்லியிருக்க வேண்டுமா? இப்படியெல்லாம் வீறாப்பாகப் பேசிவிட்டு, குளியலறையில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுவேன். ஒரு நாள் தம்பியிடம் கேட்டேவிட்டேன், எஞ்சினை எடுத்தவரை விட்டுவிட்டு என்னை மட்டும் ஏன்டா இப்படி வதைக்கிறார் என்று.

"அத்தான் அவரோட வேலையைச் செஞ்சாரு. அதுல அப்பாவுக்கு ஒண்ணும் இல்லக்கா" என்றான் தம்பி. "ஆனா உங்கிட்ட அவரு கணக்கு கேக்க வரல. பொண்ணு நம்ம பக்கம் நிக்கும்னு வந்தாரு."

அடுத்த ஞாயிறு நானே கூப்பிடலாம் என்று ஒவ்வொரு வாரமும் நினைத்தேன். ஒவ்வொரு வாரமும் அவரே முந்திக்கொண்டு கூப்பிட்டு மாப்பிள்ளையைக் கேட்டார். ஒரு வருடத்துக்கு மேல் இப்படியே போனது.

அன்று காலையில் நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். தம்பி கூப்பிட்டான். குரலே சரியில்லை. அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், இதயத்திலிருந்து கிளம்புகிற பெரிய ரத்தக்குழாய் உப்பியிருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம். பெரிய டாக்டர் வேறொரு ஆபரேஷனில் இருக்கிறார், மதியம் அது முடிந்தவுடன் அப்பாவை உள்ளே கொண்டுபோய்விடுவார்கள். பிழைப்பதும் பிழைக்காததும் பாதிக்குப் பாதி என்று சொல்லிவிட்டார்களாம்.

"உடனே கெளம்பி வாக்கா. உன்னைக் கேக்குறாரு."

"யாரை? அத்தானையா?"

"உன்னைத்தான். 'பாப்பாவ வரச் சொல்லு, உள்ள போறதுக்கு முன்னாடி அதுகிட்டப் பேசணும்'னாரு."

அந்தப் 'பாப்பா' என்கிற வார்த்தையைக் கேட்டதும் சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் கணவர்தான் என்னைத் தூக்கி நிறுத்தி, பையில் இரண்டு துணியைத் திணித்து, டாக்சி பிடித்து ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அப்பாவும் தம்பியும் இருக்கிற ஊர் பாதையின் அந்தக் கோடியில். காரில் போனால் இரவாகிவிடும். அதிவேக ரயிலில் போனால் டாக்டர் வருவதற்கு வெகு நேரம் முன்பே போய்விடலாம். அந்த ரயில் மட்டும் இல்லையென்றால் அப்பாவைப் பார்ப்பதைப் பற்றி நினைத்தே பார்க்க முடியாது. இதையும் நான் சொல்லியாக வேண்டும்.

ரயில் பறந்தது. ஜன்னலுக்கு வெளியே தூண்கள் ஒன்றோடு ஒன்று கலந்து வேலி மாதிரி ஓடின. என் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே நுழைந்ததும் என்ன சொல்வது? 'மன்னிச்சிடுங்கப்பா' என்றால் பொய், நான் தப்புச் செய்யவில்லை. 'நான் சொன்னது சரிதாம்பா' என்றால் மண்டைக்கனம். கடைசியில், எதையும் சொல்லாமல் கட்டிலில் அவர் காலடியில் போய் உட்கார்ந்துகொள்வது, அவரே ஆரம்பிக்கட்டும் என்று முடிவு செய்தேன். அவர்தானே பேச வேண்டும் என்று கூப்பிட்டிருக்கிறார்.

பாதித் தூரத்தை நெருங்கியிருப்போம். கூரைமேல் எதையோ இழுத்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு சத்தம். தகரத்தை யாரோ கிழிப்பது போல இருந்தது. விளக்குகள் அணைந்து, பாதி மட்டும் திரும்ப எரிந்தன. ஏசியின் இரைச்சல் நின்றது. ரயில் மெதுவாகி, மெதுவாகி, உயரமான பாலத்தின் மேல் நின்றுவிட்டது. கீழே தொழிற்சாலைக் கூரைகளும் ஒரு சாலையும் தெரிந்தன. என் கணவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கம்பி" என்றார்.

உடனே தன் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டார். அவர் பேசவே இல்லை, கேட்டுக்கொண்டே இருந்தார். ரயில் கூரைமேல் நீட்டிக்கொண்டிருந்து கம்பியைத் தொட்டுக் கரண்ட் எடுக்குமே, அந்தக் கை கம்பியில் சிக்கி, ரொம்ப தூரத்துக்குக் கம்பியை அறுத்துச் சுருட்டிக் கீழே போட்டுவிட்டிருந்தது. பகுதி முழுக்கக் கரண்ட் இல்லை.

"டீசல் வரணும்" என்றார்.

"எங்கருந்து?"

"பழைய லைன் டிப்போலருந்து."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

அவர் வாட்ச்சைப் பார்த்தார். நான் திரும்பக் கேட்டேன்.

"மதியம் தாண்டிடும்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அப்பாவின் எஞ்சின் நின்றுகொண்டிருந்த ஸ்டேஷன்தான் அடுத்த ஸ்டேஷன் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

கொஞ்ச நேரத்தில் பெட்டி கொதிக்க ஆரம்பித்தது. திறக்க முடியாத ஜன்னல்கள். ஆளாளுக்குப் பேப்பரை எடுத்து விசிறிக்கொண்டார்கள். ஒரு கைக்குழந்தை கத்தத் தொடங்கியது. டை கட்டிய கனமான மனிதர் ஒருவர் டையை அவிழ்த்துப் பைக்குள் திணித்துவிட்டு, தண்ணீர் பாட்டில் கொடுக்க வந்த ஊழியரைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்ப்பா, இவ்வளவு பெரிய லைன்ல இழுக்கிறதுக்கு ஒரு எஞ்சின்கூட வெச்சிருக்க மாட்டீங்களா?"

"முன்னாடி அடுத்த ஸ்டேஷன்லயே ஒரு டீசல் நிக்கும் சார். அதை எடுத்துட்டாங்க."

"எந்த அறிவாளி எடுத்தான்?"

என் கணவர் குனிந்து தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பின்கழுத்தில் வியர்வை வழிந்தது. எனக்கு எங்கிருந்துதான் அந்த ஆத்திரம் வந்ததோ, எழுந்து நின்றுவிட்டேன்.

"இந்தாங்க, கம்பி எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை அறுந்திருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா? தெரியாம பேசாதீங்க. கணக்குப் போட்டவங்க ஒண்ணும் முட்டாள் இல்ல. சரியாத்தான் போட்டிருக்காங்க."

"சரியாப் போட்டிருந்தா நாம ஏம்மா இங்க உக்காந்து வெந்துட்டிருக்கோம்?" என்றார் அவர். குரலில் கோபம்கூட இல்லை. நான் உட்கார்ந்துவிட்டேன்.

என் கணவர் எழுந்து ஊழியரிடம் போனார். அடையாள அட்டையைக் காட்டி, எங்கள் இரண்டு பேரை மட்டும் கீழே இறக்கி விடும்படி கேட்டார். பாலத்தோரமாக நடந்து போய், படி இருக்கிற இடத்தில் இறங்கி, சாலையில் ஏதாவது வண்டியைப் பிடித்துக்கொள்கிறோம் என்றார். ஊழியர் அட்டையை வாங்கிப் பார்த்தார்.

"சார், கம்பி கீழ கெடக்குது. அதைத் தரையில இணைச்சுப் பாதுகாப்பாக்கற வரைக்கும் ஒரு கதவும் தொறக்கக் கூடாது. இந்த ரூலை எழுதினதே உங்க டிபார்ட்மென்ட்தான். நீங்களே இப்படிக் கேட்டா எப்படி?"

"தெரியும்" என்றார் என் கணவர். "இருந்தாலும் கேக்கறேன்."

ஊழியர் தலையை ஆட்டினார். அவர் பேரில் எந்தத் தப்பும் இல்லை. என் கணவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். இந்த மனிதர் விதியை மீறச் சொல்லி யாரிடமும் கேட்டு நான் பார்த்ததே இல்லை.

அப்போதுதான் தம்பியின் ஃபோன் வந்தது.

"டாக்டர் வந்துட்டாருக்கா. எங்க இருக்கீங்க?"

சொன்னேன். "கொஞ்சம் பொறுக்கச் சொல்லுடா" என்றேன். "கேட்டேன்கா. பொறுத்தா வெடிச்சிடுங்கறாரு." "அப்பாகிட்டக் கொடு."

மூச்சுச் சத்தம் கேட்டது. ஒரு வருடத்துக்குப் பிறகு என் காதுக்காகவே வருகிற மூச்சு.

"அப்பா" என்றேன்.

அவரே ஆரம்பிக்கட்டும் என்று ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். பிறகு அவர் பேசினார்.

"மாப்பிள்ளை இருக்காரா?"

பழக்க தோஷமா, என் குரலைக் கேட்டதும் பயமா, எனக்குத் தெரியாது. கை தானாக ஃபோனை நீட்டியது, எனக்கும் அதுதானே பழக்கம். ஸ்பீக்கரைப் போட்டு நடுவில் பிடித்துக்கொண்டேன்.

"என்ன மாப்பிள்ளை, பட்டம் அறுந்துடுச்சாமே?"

"ஆமா மாமா."

"கம்பி விழுந்துச்சா, மேல இருக்கிற கை மாட்டிக்கிச்சா?"

"ரெண்டும்தான் மாமா."

"எங்கருந்து டீசல் வருது?"

"பழைய டிப்போலருந்து."

அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமானது. "அந்த டிப்போ பசங்களா? அவனுங்க எஞ்சினை ஸ்டார்ட் பண்றதுக்குள்ள எனக்கு ஆபரேஷன் முடிஞ்சு தையலும் பிரிச்சிடுவாங்க."

என் கணவருக்குக் கண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. ஆனால் குரலை மட்டும் ஞாயிற்றுக்கிழமைக் குரலாக வைத்துக்கொண்டார். "ஒரு நாள் நின்னதை வெச்சுப் பேசாதீங்க மாமா. வருஷம் பூரா ஓடினதைப் பாருங்க."

"அப்படி வாங்க வழிக்கு! நின்ன அன்னைக்குத்தானே மாப்பிள்ளை தெரியும், யாரு கையில அடுப்பு இருக்குன்னு?"

"உங்க எஞ்சினை வெச்சு இந்த வேகத்துல இழுங்க பாப்போம்."

"வேகமா போயி நடுவுல நிக்கறதுக்கு, மெதுவா போயி வீடு சேரலாம்ல?"

பின்னால் யாரோ அவசரப்படுத்துகிற குரல் கேட்டது. என் கணவர் பதறிப்போய், "மாமா, அவ இங்கதான் இருக்கா. அவகிட்ட ரெண்டு வார்த்தை பேசுங்க மாமா. பேப்பர் எதுவும் திருத்தல. உங்களுக்காகத்தான் காத்துட்டிருக்கா" என்றார்.

"ஃபோன்ல வேணாம் மாப்பிள்ளை" என்றார் அப்பா. "அதை மொகத்தைப் பாத்துத்தான் சொல்லணும். வந்துடுவீங்கல்ல?"

என் கணவர் ஜன்னலைப் பார்த்தார். வெளியே எதுவும் நகரவில்லை.

"வந்துடுவோம் மாமா."

நான் ஃபோனை வாய்க்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன். "அப்பா, இப்பவே சொல்லுங்கப்பா. திட்டணும்னா திட்டுங்க. என்னவா இருந்தாலும் இப்பவே சொல்லுங்க. அப்பா!" பெட்டியே திரும்பிப் பார்த்தது. அந்தப் பக்கம் சக்கரங்கள் உருள்கிற சத்தம் கேட்டது. பிறகு தம்பியின் குரல் வந்தது. "உள்ள கொண்டுபோயிட்டாங்கக்கா."

எனக்கு என் கணவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. நான் ஒரு வருடமாகக் காத்துக்கொண்டிருந்தேன். கிடைத்ததே இத்தனூண்டு நேரம். அதையும் இரண்டு பேரும் சேர்ந்து எஞ்சினுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

"ஏங்க, இப்பவும் உங்களுக்கு அந்த எழவெடுத்த எஞ்சின்தானா?" என்றேன். "முதல்லயே எங்கிட்டப் பேசச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"பேச்சு நின்னா வெச்சிடுவாரோன்னு பயமா இருந்துச்சு" என்றார். "எனக்கு அவருகிட்ட வேற என்ன பேசத் தெரியும்?"

அவர் சொன்னது உண்மை. நான் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன். ஆபரேஷன் சாயங்காலம் வரை நடக்குமாம். அதற்குள் எப்படியும் போய்விடுவோம், கண் விழிக்கும்போது எதிரில் இருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டைக்காரர் எழுந்து வந்து தன் தண்ணீர் பாட்டிலை என் கையில் வைத்துவிட்டுப் போனார். என்ன விஷயம் என்று கேட்கவில்லை. கைக்குழந்தை அழுது களைத்துத் தூங்கிவிட்டது. பாட்டில் தண்ணீர் வெந்நீராக இருந்தது, அதையும் குடித்தேன்.

தம்பி மறுபடியும் கூப்பிட்டபோது நேரம் ரொம்ப ஆகியிருக்கவில்லை. திரையில் அவன் பெயரைப் பார்த்தேன். நல்ல செய்தி இவ்வளவு சீக்கிரம் வராது. எடுத்தேன். அவன் 'அக்கா' என்றுகூடச் சொல்லவில்லை. சின்ன வயதில் விழுந்து அடிபட்டால் மூச்சைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுவானே, அப்படி அழுதான்.

ஃபோனை மடியில் வைத்தேன். என் கணவர் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

அப்போது ரயிலின் முன்பக்கத்திலிருந்து ஒரு முட்டல் வந்தது. பெட்டி பெட்டியாக அது எங்கள் காலடி வரை வந்து தாண்டிப் போனது. நீளமாக ஒரு ஹாரன் கேட்டது. தரை அதிர ஆரம்பித்தது. டீசல் எஞ்சின் வந்து சேர்ந்துவிட்டது. பெட்டி முழுக்கக் கைதட்டினார்கள். யாரோ விசில் அடித்தார்கள். தூங்கின குழந்தையை எழுப்பித் தூக்கிப் பிடித்து, "பாரு பாரு, எஞ்சின் வந்துடுச்சு" என்றாள் அதன் அம்மா. டைக்காரர் எங்கள் பக்கம் திரும்பி, முகமெல்லாம் சிரிப்பாக, "வந்துடுச்சும்மா! இனிமே கவலையில்ல, போய்ச் சேந்துடலாம்" என்றார். நான் அவருக்குத் தலையாட்டினேன். அவர் பாவம், நல்ல மனிதர்.

ரயில் நகர்ந்தது. ஆள் நடக்கிற வேகம்தான். கைதட்டல் ஓய்வதற்குள் என் கணவர் முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டு உடைந்துபோனார். என்னைவிட அவர்தான் அதிகமாக அழுதார். அவருக்கு அப்பா இல்லை, அந்த ஞாயிற்றுக்கிழமைகள்தான் இருந்தன.

"அந்த எஞ்சின் அங்கயே நின்னிருந்தா…" என்றார். "நாம எப்பவோ போயிருப்போம். என் கணக்கு தப்பு. நான் தப்பாப் போட்டுட்டேன். மாமா சொன்னதுதான் சரி."

நான் அவர் கைகளை முகத்திலிருந்து பிடுங்கினேன்.

"அப்படிச் சொல்லாதீங்க" என்றேன். "உங்க கணக்கு சரி. ரெண்டு தடவை போட்டுப் பாத்துட்டு, எங்கப்பா மொகத்தைப் பாத்து நான்தான் சொன்னேன், சரின்னு. அதுக்காகத்தான் அவரு எங்கூடப் பேசல. இப்ப வந்து அது தப்புன்னு சொல்றீங்களே, அப்ப நான் எதுக்குங்க எங்கப்பாவ இழந்தேன்?"

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரின்னு சொல்லுங்க" என்றேன். அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். "கணக்கு சரின்னு சொல்லுங்க. எத்தனை ஞாயித்துக்கெழமை சொன்னீங்க, இப்ப ஒரே ஒரு தடவை சொல்லுங்க."

அவர் வாயைத் திறந்தார். அவரால் சொல்ல முடியவில்லை.